40 மணி நேரச் சம்பளம், 85 மணி நேர வேலை: ஈஏ வழக்குகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காலை 9 மணிக்கு ஆபீஸுக்குள் போனால் இரவு 10 மணிக்கு வெளியே, வாரத்தில் ஏழு நாளும். நல்லபடியாக நடந்துகொண்டால் எப்போதாவது ஒரு சனிக்கிழமை மட்டும் சாயங்காலம் ஆறரைக்கே விட்டுவிடுவார்கள். 2004-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈஏ) என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவில் ஒரு கேம் டீம் இப்படித்தான் வேலை பார்த்தது. சராசரி வாரத்துக்கு 85 மணி நேரம். ஓவர்டைம் கிடையாது, காம்ப்-ஆஃப் கிடையாது, உடம்புக்கு முடியாமல் போனால் கூடுதல் லீவும் கிடையாது. கேம் துறையில் இதற்கு கிரஞ்ச் என்று பெயர், இன்று இந்தத் துறையைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் அது தெரியும். அன்றைக்கு வெளியே யாருக்கும் தெரியாது, உள்ளே இருந்தவர்கள் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள்.

பேசியது வீட்டில் இருந்த ஒருவர். அந்த டீமில் இருந்த ஒரு புரோகிராமரைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண், 2004 நவம்பர் 10 அன்று 'ஈஏ ஸ்பௌஸ்' (ஈஏ ஊழியரின் துணை) என்ற பெயரில் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எழுதியவர் எரின் ஹாஃப்மன் என்பது ஒன்றரை வருஷம் கழித்து, 2006 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. இதற்குள் அந்தக் கடிதத்துக்கு ஆயிரக்கணக்கில் பதில்கள் குவிந்து, பத்திரிகைகள் எழுதி, வழக்குகள் நடந்து, ஈஏ இரண்டு தவணையாக 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்திருந்தது.

கேம் துறையில் தொழிலாளர் பிரச்சினை என்றால் எல்லோரும் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஆனால் பெரும்பாலும் 'ஒரு பெண் தைரியமாக எழுதினார், கம்பெனி பணிந்தது' என்ற அளவில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கம்பெனி எங்கே பணிந்தது, எங்கே பணியவே இல்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் இருபது வருஷம் கழித்தும் இதே செய்தி வேறு வேறு ஊரிலிருந்து ஏன் வந்துகொண்டே இருக்கிறது என்பது விளங்கும்.

கால அட்டவணை எப்படி ஏறியது

கேம், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: த பேட்டில் ஃபார் மிடில்-எர்த்'. படத்தின் உரிமம் வாங்கிச் செய்தது. 2004 டிசம்பர் 6 அன்று கடைக்கு வந்தது, அடுத்த வாரமே மூன்றாவது படத்தின் நீட்டித்த டிவிடி அமெரிக்காவில் வெளியானது. கிறிஸ்துமஸ் வியாபாரம் வேறு. அதாவது தேதி நகராது. படத்தை ஒட்டி வரும் கேம்களில் இது எப்போதும் உள்ள தலைவலி: தேதியை முடிவு செய்பவர் ஒருவர், அதற்குள் முடிக்க வேண்டியவர் வேறொருவர்.

ஹாஃப்மன் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது 85 மணி நேரம் என்ற எண்ணிக்கை இல்லை, அது எந்த வரிசையில் வந்தது என்பது. வேலைக்கு எடுக்கும்போதே நீண்ட நேரம் வேலை பார்ப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேம் துறைக்குள் வருகிற யாருமே அதற்கு மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். சேர்ந்த சில வாரங்களிலேயே 'லேசான' கிரஞ்ச் ஆரம்பித்தது, நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். இப்போதே கொஞ்சம் கூடுதலாக உழைத்துவிட்டால் கடைசியில் பெரிய கிரஞ்ச் வராது என்பது சொல்லப்பட்ட காரணம். புரொடியூசர்கள் அது எப்போது முடியும் என்று ஒரு தேதியும் கொடுத்தார்கள். தேதி வந்தது, போனது. அப்புறம் நாளுக்கு 12 மணி நேரம், ஆறு நாள். அதற்கும் ஒரு முடிவுத் தேதி. அது நெருங்கும்போது 9 மணியிலிருந்து 10 மணி வரை, ஏழு நாள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லேசான கிரஞ்ச் தொடங்கியபோது அந்த புராஜெக்ட் பின்தங்கியிருக்கவில்லை என்று அவர் எழுதுகிறார். எல்லாம் திட்டப்படி போய்க்கொண்டிருந்தது. நம் ஊர் ஐடி கம்பெனிகளில் ரிலீஸ் வாரத்தில் ராத்திரி தங்கி வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வகைக் கூடுதல் வேலை நன்றாகவே புரியும். ஏதோ சொதப்பிவிட்டது, கிளையண்ட் கத்துகிறான், எல்லோரும் உட்கார்ந்து முடித்துவிட்டுப் போகலாம் என்கிற வகை. அதை யாரும் விரும்புவதில்லை, ஆனாலும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஈஏவில் நடந்தது அது இல்லை. அங்கே கூடுதல் மணி நேரம் தவறைச் சரிசெய்ய வந்த அவசர ஏற்பாடாக இல்லாமல், ஆரம்பத்திலேயே திட்டத்துக்குள் எழுதப்பட்டிருந்தது.

அதற்கு முன்பெல்லாம் புராஜெக்ட் முடிந்ததும் சில வாரம் சம்பளத்தோடு ஓய்வு கொடுக்கும் வழக்கம் இருந்ததாம். அதையும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நிர்வாகத்தின் பதில். மனுஷன் ராத்திரி வீட்டுக்கு வரும்போது தீராத தலைவலியோடும் எப்போதும் கெட்டுப்போன வயிற்றோடும் வருகிறார், சிரித்த முகத்தோடு தைரியம் சொல்லிச் சொல்லி எனக்கும் அந்தச் சிரிப்பு தீர்ந்துகொண்டு வருகிறது என்று ஹாஃப்மன் எழுதுகிறார். கடைசியில் நேராக சிஇஓ லாரி ப்ராப்ஸ்டைப் பார்த்து, உங்கள் ஆட்களுக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்ற பொருளில் கேட்கிறார்.

ஈஏ அப்போது தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனியும் இல்லை. 2004 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் வருமானம் 295.7 கோடி டாலர், நிகர லாபம் 57.7 கோடி டாலர். வேலை பார்க்கச் சிறந்த நூறு கம்பெனிகள் என்று ஃபார்ச்சூன் பத்திரிகை 2003-இல் போட்ட பட்டியலில் 91-ஆவது இடம். இன்னும் பின்னால் போனால் வேடிக்கையாக இருக்கும். 1982-இல் ட்ரிப் ஹாக்கின்ஸ் இந்தக் கம்பெனியை ஆரம்பித்தபோது கேம் செய்பவர்களைக் கலைஞர்கள் என்றே அழைத்தார்கள், இசைத்தட்டு உறை மாதிரி அட்டையில் செய்தவர்களின் பெயரைப் போட்டார்கள், ஒரு கம்ப்யூட்டரால் உங்களை அழவைக்க முடியுமா என்று கேட்டு 1983-இல் விளம்பரம் கொடுத்தார்கள்.

வேலை பார்த்தவர் ஏன் எழுதவில்லை

நியாயமான கேள்வி. அந்த புரோகிராமர் ஏன் தானே எழுதவில்லை? வேலை போய்விடும் என்பது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் போதாது. கேம் துறை சின்னது. இன்று இங்கே லீடாக இருப்பவர் நாளை அடுத்த ஸ்டூடியோவில் இண்டர்வ்யூ எடுப்பவராக இருப்பார். 'அவர் கஷ்டத்தைத் தாங்க மாட்டார்' என்று ஒரு வரி பேச்சுவாக்கில் வந்தால் போதும். கேம் முடிவதற்குள் வேலையை விட்டால் கிரெடிட்ஸில் பெயர் வருமா என்பதும் சந்தேகம். 2011-இல் வந்த 'எல்.ஏ. நுவார்' கேமில், அதில் வேலை பார்த்துவிட்டுப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர் இல்லை, அவர்கள் தனியாக ஒரு இணையதளம் போட்டுத் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். மூன்று வருஷம் ஒருவர் எதில் உழைத்தார் என்பதற்கு இருக்கிற ஒரே சான்றே அந்தப் பெயர்தான் என்கிற தொழிலில், பாதியில் வெளியேறுவது சாதாரண முடிவு இல்லை.

அப்புறம் அந்த 'ஆசை' சமாச்சாரம். சின்ன வயதிலிருந்து கேம் செய்ய வேண்டும் என்று கனவு கண்டு வந்தவர்கள் இவர்கள், நீ போனால் உன் நாற்காலிக்கு வெளியே நூறு பேர் நிற்கிறார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. இதே படிப்புக்கு வேறு மென்பொருள் கம்பெனியில் கிடைப்பதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு இவர்கள் வருவதற்கும் அதே ஆசைதான் காரணம். குறைவான சம்பளமும் அதிக நேரமும் இரண்டு தனித்தனிக் குறைகள் மாதிரித் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்.

அந்த வருஷமே, ஹாஃப்மன் கடிதத்துக்குச் சில மாதங்கள் முன்பு, சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கமான ஐஜிடிஏ ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. பதில் சொன்னவர்களில் 34.3 சதவீதம் பேர் ஐந்து வருஷத்துக்குள் இந்தத் துறையை விட்டுப் போய்விடுவோம் என்றார்கள், பத்து வருஷத்துக்குள் என்றவர்கள் 51.2 சதவீதம். தங்களோடு வேலை பார்ப்பவர்களுக்குச் சராசரியாகப் பத்து வருஷமோ அதற்கு மேலோ அனுபவம் உண்டு என்று சொன்னவர்கள் வெறும் 3.4 சதவீதம். எந்தத் தொழிலிலும் பத்து வருஷ அனுபவம் உள்ளவர்தான் ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று சரியாகச் சொல்வார். அவரைத் துரத்திவிட்டு, வந்து இரண்டு வருஷம் ஆனவர்களை வைத்துக் கால அட்டவணை போட்டால் அது எப்படி இருக்கும்?

சட்டம் என்ன சொன்னது

இங்கேதான் கதையின் மையம். எண்பத்தைந்து மணி நேரம் வேலை வாங்கிவிட்டு நாற்பது மணி நேரச் சம்பளம் கொடுப்பது கலிஃபோர்னியாவில் எப்படிச் சாத்தியமானது?

பொதுவாக அந்த மாநிலத்தின் ஓவர்டைம் சட்டம் அமெரிக்காவிலேயே கறாரானவற்றில் ஒன்று. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு, பன்னிரண்டுக்கு மேல் போனால் இரண்டு மடங்கு. வாரத்துக்கு நாற்பது தாண்டினாலும் ஒன்றரை மடங்கு. தொடர்ந்து ஏழாவது நாள் வரச்சொன்னால் முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை, அதற்கு மேல் இரண்டு. ஆனால் சில வகை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு, அதாவது அவர்களுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டியதில்லை. 2000-இல் கம்ப்யூட்டர் மென்பொருள் ஆட்களுக்கென்றே ஒரு விலக்கைச் சேர்த்தார்கள். இரண்டு முக்கிய நிபந்தனைகள்: சுயமாக முடிவெடுக்கிற, மூளையைப் பயன்படுத்துகிற வேலையாக இருக்க வேண்டும், சம்பளம் மணிக்குக் குறைந்தது 41 டாலர் இருக்க வேண்டும், அந்தத் தொகை ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறும்.

மணிக்கு 41 என்றால், வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்று கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 85,280 டாலர். புதிதாகச் சேர்ந்த கேம் புரோகிராமருக்கு அன்றைக்கு அவ்வளவு சம்பளம் எங்கே? ஆனால் மாதச் சம்பளக்காரர் என்ற முத்திரையைக் குத்தி எல்லோரையும் விலக்குப் பட்டியலில் வைத்திருந்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 60,000 டாலர் வாங்குகிற ஒருவர் என்று வைத்துக்கொள்வோம், இது என் உதாரணம், யாருடைய சம்பளச் சீட்டும் இல்லை. வாரத்துக்கு 1,154 டாலர் வருகிறது. நாற்பது மணி நேரம் என்றால் மணிக்கு 28.85 டாலர். அவர் 85 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 13.57. அதே சமயம் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி 6.75 டாலர், அதாவது பட்டம் வாங்கிய புரோகிராமருக்குக் கிடைத்தது குறைந்தபட்சக் கூலியின் இரண்டு மடங்கு.

இப்போது அதே ஆளுக்கு ஓவர்டைம் உண்டு என்று வைத்துப் பார்ப்போம். சாப்பாட்டு நேரத்தைக் கழித்து நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். முதல் ஐந்து நாளும் எட்டு மணி நேரம் சாதாரணக் கூலி, மீதி நாலு மணி நேரம் ஒன்றரை மடங்கு, ஆக நாளுக்குப் பதினாலு மணி நேரக் கூலி, மொத்தம் எழுபது. ஆறாம் நாள் நாற்பதைத் தாண்டிவிட்டதால் முழுக்க ஒன்றரை மடங்கு, பதினெட்டு. ஏழாம் நாளுக்கு இருபது. கூட்டினால் வாரத்துக்கு 108 மணி நேரக் கூலி, ஏறக்குறைய 3,115 டாலர். கம்பெனி கொடுத்தது 1,154.

மீதி 1,960 டாலர்தான் ஒரு ஆளிடமிருந்து ஒரு வாரத்தில் கிடைத்த இலவசம். ஐம்பது பேருக்கு இருபது வாரம் என்று பெருக்கினால் 20 லட்சம் டாலரைத் தொடும். ஒரு மேனேஜரிடம் 'வேலை அதிகம், இன்னும் பத்துப் பேரை எடுக்கலாமா, அல்லது இருக்கிறவர்களையே ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொல்லலாமா' என்று கேட்டால், முதலாவதற்கு அவர் பட்ஜெட்டில் பணம் கேட்டு மேலே போய் நிற்க வேண்டும், இரண்டாவதற்கு ஒரு மெயில் போட்டால் போதும். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. தண்ணீருக்கு மீட்டர் இல்லாத வீட்டில் குழாயை யார் மூடுவார்கள்?

இதே சட்டத்தில் இன்னொரு வினோதமும் உண்டு. சினிமா, டிவி, நாடகத்துக்கான கிராஃபிக்ஸ் காட்சிகளைச் செய்பவர்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் விலக்கு செல்லாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். அதாவது ஒரே ஊரில், ஒரே மாதிரிக் கம்ப்யூட்டரில், ஹாலிவுட் படத்துக்கு ஒரு அரக்கனைச் செய்பவரை இந்த விலக்குக்குள் இழுக்க முடியாது, அதே அரக்கனைக் கேமுக்குச் செய்பவருக்கு அப்படி ஒரு வரி இல்லை. சினிமாக்காரர்களுக்குப் பல பத்தாண்டுகளாக யூனியன் இருக்கிறது. கேம்காரர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் கிடையாது.

வழக்கும் செட்டில்மெண்டும்

முதல் வழக்கு கடிதத்துக்கு முன்பே, 2004 ஜூலையில் வந்துவிட்டது. கிராஃபிக்ஸ் ஆர்ட்டிஸ்டுகள் சார்பில் போட்டது. நாங்கள் மேலிருந்து சொல்கிறபடி வரைந்து கொடுக்கிறோம், எங்களை விலக்குப் பெற்ற படைப்பாளிகள் என்று சொல்லி ஓவர்டைமை மறுக்க முடியாது என்பது வாதத்தின் சாரம். இந்த வழக்கு இருப்பதே பலருக்குத் தெரியாமல் இருந்தது. ஹாஃப்மன் கடிதம் வந்ததும்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பின் புரோகிராமர்கள் சார்பில் இன்னொரு வழக்கு, அதில் முதல் வாதி ஹாஃப்மனைக் கட்டிக்கொள்ள இருந்தவரேதான்.

டிசம்பரில் ஈஏவின் ஹெச்ஆர் தலைவர் ரஸ்டி ரூஃப் ஊழியர்களுக்கு அனுப்பிய மெயில் ஒன்று வெளியே கசிந்தது. அதைப் படித்தால் கம்பெனியின் மனநிலை தெரியும். சில பதவிகளுக்கு ஓவர்டைம் கொடுக்கும்படி மாற்றப்போகிறோம் என்று சொல்கிறார். கூடவே, இதுவரை அதைத் தவிர்த்து வந்தது பணம் கொடுக்க மனமில்லாமல் இல்லை, இந்தக் கூலிச் சட்டங்கள் தொழில்நுட்பக் கம்பெனிகளில் நடக்கும் வேலையின் தன்மைக்கு ஈடுகொடுக்கவில்லை என்று நாங்கள் நம்புவதால்தான் என்றும் சொல்கிறார். சட்டம் பழசாகிவிட்டது என்பதற்கும் அதனால் ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் வா என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2005 அக்டோபரில் ஆர்ட்டிஸ்டுகள் வழக்கு 1.56 கோடி டாலருக்கு முடிந்தது. 2006 ஏப்ரலில் புரோகிராமர்கள் வழக்கு 1.49 கோடி டாலருக்கு. மொத்தம் 3.05 கோடி. பெரிய தொகைதான், தலைப்புச் செய்தி ஆனது. 2004 நிதியாண்டின் லாபத்தை நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால் பத்தொன்பது நாள் சம்பாத்தியம்.

பணத்தைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. கீழ்மட்டத்தில் இருந்த ஆர்ட்டிஸ்டுகளும் புரோகிராமர்களும் ஓவர்டைம் பெறுகிறவர்களாக மாற்றப்பட்டார்கள். ஆனால் ஓவர்டைம் வேண்டும் என்றால் போனஸும் ஸ்டாக் ஆப்ஷனும் (கம்பெனிப் பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை) இனிமேல் இல்லை. நிரந்தரமாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரே ஒரு தடவை கொஞ்சம் பங்குகள். மேலே இருக்கிற சீனியர்கள் பழையபடி விலக்குப் பட்டியலிலேயே இருந்தார்கள். நான் பார்த்தவரை, கம்பெனி பணிந்த இடம் இவ்வளவுதான்: அடிமட்டத்து ஆளின் கூடுதல் மணி நேரத்துக்கு ஒரு விலை வந்தது. அது சின்ன வெற்றி இல்லை. ஜூனியர்களைச் சனிக்கிழமை வரச்சொல்வதற்கு முன் யாரோ ஒருவர் பட்ஜெட்டைப் பார்க்க வேண்டிய நிலை வந்துவிட்டது அல்லவா.

அப்புறம் நடந்ததைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. விலைவாசியோடு ஏறி ஏறி, 2007-இல் மணிக்கு ஏறக்குறைய 50 டாலரைத் தொட்டிருந்த அந்த விலக்கு வரம்பை, மாநிலச் சட்டமன்றம் 2008 ஜனவரி முதல் 36 டாலராகக் குறைத்தது. அதே ஆண்டு இன்னொரு திருத்தம், மணிக்கணக்கில் பார்க்க வேண்டாம், ஆண்டுச் சம்பளம் 75,000 டாலர் இருந்தாலே போதும் என்றது. வாதிகள் கோர்ட்டில் ஏறி வாங்கியதை மாற்ற யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை, சட்டத்தையே கொஞ்சம் கீழே இறக்கிவிட்டார்கள். 75,000 வாங்குகிறவரை எண்பது மணி நேரம் உட்காரவைத்தால் மணிக்கு என்ன வருகிறது என்ற கேள்வி அத்தோடு காணாமல் போனது.

கிரஞ்ச் போட்டால் வேலை முடிகிறதா

முடிகிறது என்றால்கூட ஒரு விவாதத்துக்கு இடம் உண்டு. ஈஏவிலேயே முன்பு டெக்னிக்கல் டைரக்டராக இருந்த எவன் ராபின்சன், 2005-இல் ஐஜிடிஏவுக்காக எழுதிய கட்டுரையில் பழைய தொழிற்சாலைக் காலத்து ஆதாரங்களையெல்லாம் தேடி எடுத்து வைத்தார். அதில் மிகவும் உறைப்பது கட்டடத் தொழில் பற்றி பிசினஸ் ரவுண்ட்டேபிள் 1980-இல் வெளியிட்ட ஆய்வு. அது தொழிற்சங்கம் நடத்திய ஆய்வு இல்லை என்பதைக் கவனிக்கவும், பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் சேர்ந்த அமைப்பு அது. வாரத்துக்கு அறுபது மணி நேரமும் அதற்கு மேலும் இரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால், அதே ஆட்களை வைத்து நாற்பது மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடிய நாளையும் தாண்டி வேலை இழுக்கும் என்பது முடிவு.

இரண்டு மாதம். ஈஏ டீம் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது, அதுவும் எண்பத்தைந்து மணி நேரத்தில். செங்கல் அடுக்குகிற கையே அப்படித் தளரும் என்றால், புரோகிராமிங்கில் நிலைமை இன்னும் மோசம். களைத்துப்போன புரோகிராமர் மெதுவாக மட்டும் எழுதுவதில்லை, தப்பாகவும் எழுதுவார். ராத்திரி ஒன்பதரைக்கு அவர் சேர்த்த நாலு வரி, மறுநாள் காலையில் மூன்று பேரை உட்காரவைத்து அந்த பக் எங்கே என்று தேடவைக்கும். அன்றைய அட்டவணையில் இரண்டுமே 'உழைத்த நேரம்' என்றுதான் பதிவாகும். நேரத்துக்கு விலை இல்லாத இடத்தில் வீணான நேரத்துக்கும் கணக்கு இருக்காது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். விலை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த வழக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. போலந்தில் ஓவர்டைமுக்குப் பணம் கொடுப்பது சட்டம். அங்கே சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2019 மே மாதம், கட்டாயக் கிரஞ்ச் கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னது. 2020 செப்டம்பரில் அதே கம்பெனியின் ஸ்டூடியோ தலைவர் ஆடம் படோவ்ஸ்கி, 'சைபர்பங்க் 2077' முடியும்வரை வாரத்துக்கு ஆறு நாள் வர வேண்டும் என்று மெயில் போட்டார். பணம் கொடுத்தார்கள், அந்த வருஷ லாபத்தில் பத்து சதவீதம் ஊழியர்களுக்கு என்றும் சொன்னார்கள். டிசம்பர் 10 அன்று வந்த கேம், பழைய கன்சோல்களில் ஓடவே திணறியது, ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது, திரும்ப வைத்தது 2021 ஜூனில். ஆறாவது நாள் எதைக் காப்பாற்றியது?

அமெரிக்காவில் ராக்ஸ்டார் என்ற கேம் கம்பெனியின் கதை வேறு மாதிரி. ராக்ஸ்டார் சான் டியாகோ மேல் போட்ட ஓவர்டைம் வழக்கு 2009-இல் 27.5 லட்சம் டாலருக்கு முடிந்தது. அடுத்த வருஷம் ஜனவரியில், 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' முடிகிற நேரத்தில், அதே ஸ்டூடியோ ஊழியர்களின் மனைவிகள் சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மறுபடியும் வீட்டிலிருந்துதான். 2018 அக்டோபரில் இரண்டாம் பாகம் வரும்போது, ராக்ஸ்டாரின் இணை நிறுவனர் டான் ஹவுசர் ஒரு பேட்டியில் வாரத்துக்கு நூறு மணி நேரம் வேலை பார்த்தோம் என்று ஏதோ பெருமைபோலச் சொல்லப்போக, எதிர்ப்பு கிளம்பியதும் அது மூத்த எழுத்தாளர்கள் நாலு பேர் மூன்று வாரம் பார்த்த வேலை மட்டும் என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் சொன்னது அவருக்கே தப்பாகத் தோன்றவில்லை என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. நூறு மணி நேரம் என்பது அந்தத் துறையில் பல வருஷம் பதக்கம் மாதிரிக் குத்திக்கொள்ளப்பட்ட எண்.

ஹாஃப்மன் என்ன ஆனார் என்று சிலர் கேட்பார்கள். அவர் துறையை விட்டுப் போகவில்லை. கேம் டிசைனராகத் தொடர்ந்தார், 2013-இல் வந்த கல்வி கேமான 'சிம்சிட்டி எடு' செய்த கிளாஸ்லேப் என்ற குழுவில் முன்னணியில் இருந்தார். அந்தக் குழு இயங்கியது ரெட்வுட் நகரில் ஈஏவின் சொந்த வளாகத்துக்குள்.

இப்போது சுமை யார் தலையில்

ஈஏ அந்த வழக்குகளுக்குப் பிறகு முன்பைப் போல இல்லை என்று அங்கே வேலை பார்த்த பலர் சொல்கிறார்கள், நம்பலாம். கம்பெனிக்குச் செலவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் திட்டமிடுவதும் கொஞ்சம் திருந்தும். ஆனால் சுமை குறைந்ததா, இடம் மாறியதா என்பது வேறு கேள்வி. இன்று கேம் துறையில் மிகக் குறைந்த சம்பளம், கேமை விளையாடிப் பார்த்துப் பிழை தேடும் டெஸ்டர்களுக்கு, அவர்களில் நிறையப் பேர் அந்தக் கேமைச் செய்யும் கம்பெனியின் ஊழியர்களே இல்லை, ஏதோ ஒரு ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள். அதே கேம், அதே டெட்லைன், வேறு சம்பளச் சீட்டு.

கனடாவின் எட்மண்டனில் பயோவேர் என்ற ஸ்டூடியோ இருக்கிறது, அது ஈஏவுக்குச் சொந்தமானது. அதன் கேம்களை டெஸ்ட் செய்த கீவேர்ட்ஸ் ஸ்டூடியோஸ் என்ற ஒப்பந்தக் கம்பெனியின் ஊழியர்கள், சம்பளமும் ஆபீஸுக்குத் திரும்ப வரச்சொன்ன உத்தரவும் சரியில்லை என்று 2022 ஜூனில் யூனியன் அமைக்க வாக்களித்தார்கள். 16 ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 2023-இல் பயோவேர் கீவேர்ட்ஸோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. செப்டம்பரில் 13 பேருக்கு வேலை போனது, அவர்கள் பயோவேர் வாசலில் போய் மறியல் செய்தார்கள். சட்டப்படி அவர்களை வேலையை விட்டு அனுப்பியது கீவேர்ட்ஸ். 2004-இல் ஆர்ட்டிஸ்டுகள் ஈஏ மேல் வழக்குப் போட்டார்கள் என்றால், குறைந்தபட்சம் ஈஏ அவர்களுக்கு முதலாளியாக இருந்தது.